புல்லாற்றில் ஒரு மாதம்: எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் கலைஞர் உறைவு

ஓவியர், எழுத்தாளர், இசையமைப்பாளர், ஒளிப்படக் கலைஞர் முதலியோரை அவர்களுடைய அன்றாடச் சூழலிலிருந்து விலக்கி, குறிப்பிட்ட ஓரிடத்தில் சில வாரங்களோ மாதங்களோ தங்கச் செய்து, அவ்விடத்தை ஒட்டிய படைப்புகளில் ஈடுபட வழிசெய்யும் ஏற்பாடு ‘ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி’ என்னும் பெயரால் கலை வட்டாரங்களில் அறியப்படுகிறது. இக்கட்டுரை அதனைக் கலைஞர் உறைவு என்று குறிக்கும். இத்தகைய உறைவுகள் நகரங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பழைய மாளிகைகளிலும் நடைபெறுவது பொதுவழக்கம் என்றாலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தேசியப் பூங்காக்களும் அவற்றுக்குக் களமாகியிருக்கின்றன. கன்சாஸ் மாநிலப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட் கோடைதோறும் தங்கிய மரவீட்டை ராக்கி மலைத் தேசியப் பூங்கா 1984-இல் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டது. பின்னர் அந்த வழக்கம் பரவி, இன்று 50-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் ஏதேனும் ஒருவகையில் கலைஞர்களைத் தங்கவைத்துவருகின்றன.

அவற்றுள் ஃபுளோரிடா தீபகற்பத்தின் தென்கோடியில் அமைந்த எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா தனித்து ஆராயத்தக்கது. சூழலியல் ஒரு துறை, பண்பாட்டு வரலாறு வேறொரு துறை என்னும் பாகுபாடு அங்கே நிலைப்பதில்லை. நீர் எங்கே எந்த அளவில் எப்போது நின்றது என்ற ஒரே ஏட்டில்தான் தாவரங்களின் கதையும் மனிதர்களின் கதையும் சேர்ந்து பதிவாகியுள்ளன. அந்த ஏட்டை ஓரிரு நாள் சுற்றுலாவில் வாசிக்க இயலாது என்பதே அங்கு உறைவுக்கான நியாயம். எனினும் ஒரு மாதத் தங்கல் தன்னளவில் போதாது என்பதையும், தமக்கு முன் அந்நிலத்தில் நெடுங்காலம் உறைந்தவர்களின் அறிவைக் கலைஞர் கடன்பெறும் அளவுக்கே அவரது உறைவு பொருளுடையதாகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஓவியச் சட்டகத்துக்குள் பிறந்த பூங்காக்கள்

அமெரிக்கத் தேசியப் பூங்கா என்னும் கருத்தே ஓரளவுக்குக் கலைஞர்களின் கைவண்ணம். மிசௌரி ஆற்றுப் பகுதிகளில் 1832-இல் பயணம் செய்து பூர்வகுடிகளின் உருவங்களைத் தீட்டிய ஜார்ஜ் காட்லின் என்னும் ஓவியர்தாம், அந்நிலத்தையும் விலங்குகளையும் மக்களையும் ஒருசேரக் காக்கும் ஒரு ‘தேசத்தின் பூங்கா’ வேண்டும் என்று முதலில் எழுதியவர்களுள் ஒருவர். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் எடுத்த யோசெமிட்டி ஒளிப்படங்கள் கிழக்குக் கரை நகரங்களில் பரவிய பின்னணியில், அப்பள்ளத்தாக்கைப் பொதுப் பயனுக்கென ஒதுக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் 1864-இல் கையொப்பமிட்டார். தாமஸ் மோரன் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற ஒளிப்படக் கலைஞரும் 1871-இல் ஃபெர்டினாண்ட் ஹேடன் தலைமையிலான நிலவியல் ஆய்வுக்குழுவுடன் யெல்லோஸ்டோனுக்குச் சென்றுவந்தனர். மோரனின் நீர்வண்ணங்களும் ஜாக்சனின் படங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் மோரன் முடித்த பெரும் எண்ணெய் ஓவியத்தை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது.

இவ்வகைக் கலை நிலத்தைக் காத்தது உண்மை. ஆனால் அது காத்த விதத்தில் ஒரு மறைப்பும் இருந்தது. காட்லினின் கனவில் பூர்வகுடிகளுக்கு இடமிருந்தது. அவர்களையும் அவர் காட்சிப்பொருளாகவே கண்டார் என்பது வேறு. நிறைவேறிய பூங்காக்களிலோ அந்த இடமும் இல்லாமற்போனது. யோசெமிட்டியில் வாழ்ந்த ஆவானீச்சி மக்கள் 1851-இலேயே ஆயுதப் படையால் விரட்டப்பட்டவர்கள். யெல்லோஸ்டோனில் மலையாடு வேட்டையாடி வாழ்ந்த மக்கள் பூங்கா அமைந்த சில ஆண்டுகளுக்குள் வெளியேற நேர்ந்தது. மலையுச்சி, அருவி, பள்ளத்தாக்கு ஆகியவற்றை ஓர் உயர்ந்த பார்வைமுனையிலிருந்து சட்டகத்துக்குள் அடக்கிய ஓவியம், ஆளற்ற நிலத்தையே தூய நிலமாகக் காட்டப் பழகியது. பின்னாளில் பூங்காவுக்குள் தங்கவரும் கலைஞர் யாராயினும் இந்த மரபின் வாரிசாகவே வருகிறார். அதைத் தொடர்வதா மறுப்பதா என்ற கேள்வி அவருக்கு முன்பே அங்கே காத்திருக்கிறது.

பார்வைமுனை இல்லாத நிலம்

எவர்கிளேட்ஸ் அந்தக் கேள்விக்குப் பாதி விடையைத் தானே தந்துவிடுகிறது. அங்கே ஏறி நின்று பார்க்க மலை இல்லை. ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவின் மிக உயர்ந்த நிலமே கடல்மட்டத்துக்கு மேல் 8 அடி அளவில்தான் இருக்கிறது. 1934-இல் சட்டம் அனுமதித்து, நிலம் திரட்டுவதில் ஆண்டுகள் கழிந்து, 1947 டிசம்பர் 6 அன்று குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் தொடங்கிவைத்தபோது, கண்ணைக் கவரும் காட்சிக்காக அன்றி உயிர்வளத்துக்காகவே முதன்மையாக அமைக்கப்பட்ட முதல் அமெரிக்கத் தேசியப் பூங்கா என்ற பெயர் அதற்குக் கிட்டியது.

இயல்பான நிலையில் இந்நிலப்பரப்பு, ஓக்கிசோபி ஏரியின் தென்கரையைத் தாண்டி வழிந்த நீர், சுமார் 50 மைல் அகலத்திலும் 100 மைல் நீளத்திலும் முழங்கால் ஆழத்துக்கும் குறைவாகப் பரவி, மைலுக்குச் சில அங்குலமே சரியும் சுண்ணாம்புப் பாறைத் தளத்தின்மீது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஃபுளோரிடா விரிகுடாவை நோக்கி நகர்ந்த ஒரு பேரோட்டமாகும். மே முதல் நவம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் நீர் ஏறிப் பரவுகிறது; அடுத்துவரும் வறட்காலத்தில் வற்றி, முதலைகள் அகழ்ந்து வைத்த குழிகளில் மட்டும் தேங்க, மீன்களும் அவற்றைத் தேடும் கொக்கு, நாரை, கரண்டிவாயன் போன்ற பறவைகளும் அக்குழிகளைச் சுற்றித் திரள்கின்றன. ஓரிரு அங்குல உயர வேறுபாடே ஒரு தாவர உலகை இன்னொன்றாக மாற்றிவிடுகிறது: சற்றுத் தாழ்ந்த இடத்தில் சைப்ரஸ் மரங்கள், சற்று மேடான இடத்தில் ‘ஹாமக்’ எனப்படும் அகன்ற இலை மரச்சோலை, இடைப்பட்ட வெளியெங்கும் ‘சாக்ராஸ்’, கடலோரத்தில் அலையாத்திக் காடு. சாக்ராஸ் என்பதன் பெயர் புல்லைச் சுட்டினாலும், இலையோரம் இரம்பம்போல் கீறும் அச்செடி தாவரவியலின்படி கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீரில் மூழ்கிய அதன் தண்டுகளைச் சுற்றிப் பாசிகளும் நுண்ணுயிர்களும் பின்னிப் படரும் மஞ்சள்பழுப்புப் படலம் ‘பெரிஃபைட்டான்’ எனப்படும். பார்வைக்கு அழுக்குபோல் தோன்றும் இதுவே அந்நிலத்தின் உணவுச் சங்கிலிக்கு அடித்தளம்.

ஆகவே எவர்கிளேட்ஸைக் காண்பது ஒரு திசையை நோக்கி நிற்பதால் கூடுவதன்று. அங்கு நிகழ்வன யாவும் கிடைமட்டத்திலும் மெதுவாகவும் நிகழ்கின்றன. மாற்றத்தை அறிய நேற்றைய நீர்க்கோட்டை இன்றைய நீர்க்கோட்டுடன் ஒப்பிட வேண்டும். ஒளிப்படக் கலைஞர் கிளைடு புட்சர் பெரிய வடிவக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, இடுப்பளவு நீரில் நின்று கறுப்பு-வெள்ளைப் படங்கள் எடுத்துவந்தது அழகியல் தேர்வு என்பதோடு நிலத்தின் கட்டளைக்குக் கீழ்ப்பட்ட செயலும் ஆகும். கரையில் நிற்பவருக்கு அந்நிலம் வெற்றுவெளியாகவே தென்படும்.

மேட்டுக்கு அடியில் மனிதர்

வெற்றுவெளி என்ற அந்தத் தோற்றம் வரலாற்றுக்கும் பொருந்தாது. ஸ்பானியர் 1513-இல் ஃபுளோரிடாவில் கரையிறங்குவதற்கு நெடுங்காலம் முன்பே தென்மேற்குக் கடலோரத்தில் கலூசா மக்களும் தென்கிழக்கில் டெக்கெஸ்டா மக்களும் வாழ்ந்தனர்; கலூசாக்கள் உண்டு எறிந்த கிளிஞ்சல்களும் சங்குகளும் குவிந்த மேடுகள் பூங்காவின் மேற்கிலுள்ள தீவுக்கூட்டத்தில் இன்றும் நிற்கின்றன. உள்நாட்டு நீர்ப்பரப்பில் நீரோட்டத்தின் திசையில் கண்ணீர்த்துளி வடிவில் நீளும் மரத்தீவுகள் சிலவற்றின் அடியில் எலும்பு, ஓடு, கரி முதலியன கிடைத்திருப்பதால், பண்டைய மனிதர்களின் குப்பைமேடுகளே நீருக்கு மேல் உயர்ந்த முதல் திட்டுகளாக அமைந்து மரங்களுக்கு வேர்கொள்ள இடம் தந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்கப்படின், ‘தூய இயற்கை’ என்று பாதுகாக்கப்படும் ஒரு வாழிடம் பழங்கால அடுப்பங்கரைகளின் எச்சமாகிவிடுகிறது. சூழலியலும் பண்பாட்டு வரலாறும் ஒரே மண்ணடுக்கில் கலந்து கிடப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1830-இல் இயற்றப்பட்ட பூர்வகுடி அகற்றல் சட்டத்தின்கீழ்த் தென்கிழக்கு மாநிலங்களின் மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டப்பட்டபோது, ஃபுளோரிடாவின் செமினோல் மக்களுள் ஒருபகுதியினர் மூன்று போர்களைத் தாங்கி, 1858-க்குப் பின் சில நூறு பேராக எவர்கிளேட்ஸிலும் அதை அடுத்த பிக் சைப்ரஸ் சதுப்பிலும் நிலைத்தனர். அடிமைத்தளையிலிருந்து தப்பி அவர்களோடு வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அப்போர்களில் பங்குண்டு. படைகள் அஞ்சிய ஆழமற்ற நீர்ப்பரப்பே அம்மக்களின் அரண்; சைப்ரஸ் மரத்தைக் குடைந்த ஓடங்களும், சுவரின்றித் தரைக்கு மேல் தளமிட்டுப் பனையோலை வேய்ந்த ‘சிக்கி’ என்னும் குடில்களும் நீரின் ஏற்றவிறக்கத்துக்கு ஏற்ப உருவானவை. அவர்களுள் மிக்கசூக்கி மொழி பேசுவோரின் ஒரு பிரிவு 1962-இல் மிக்கசூக்கி பழங்குடி அரசாகத் தனி ஏற்புப் பெற்றது. பூங்கா அமைந்தபோது எல்லைக்குள் முகாமிட்டு வாழ்ந்த குடும்பங்கள் டமியாமி நெடுஞ்சாலையோரத்துக்கு ஒதுங்க நேர்ந்தது. பூங்காவின் வடவிளிம்பில் 667 ஏக்கர் நிலத்தில் நிலைத்து வாழும் உரிமையை உறுதிசெய்யும் சட்டம் 1998-இல்தான் வந்தது.

இவர்களின் கலையும் சூழலியல் வரலாற்றின் ஓர் ஏடே. பலவண்ணத் துணிப்பட்டைகளைக் கத்தரித்துத் தைத்து, மழை, மின்னல், தீ போன்ற வடிவங்களை வரிசையாக அடுக்கும் செமினோல், மிக்கசூக்கி ஒட்டுத்துணி ஆடைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைத்தையல் இயந்திரத்தின் வருகையோடு வளர்ந்தன. அந்த இயந்திரமும் துணியும் வணிகச் சாவடிகளில் முதலைத்தோலுக்கும் பறவையிறகுக்கும் மாற்றாகக் கிடைத்தவை. பெண்களின் தொப்பி அலங்காரத்துக்காக நியூயார்க்கும் லண்டனும் வெண்கொக்கின் இனப்பெருக்கக் கால இறகை எடைக்கு எடை பொன்னைவிட அதிக விலைக்கு வாங்கிய காலம் அது. கொக்குக் குடியிருப்புகள் அழிந்தன. அவற்றைக் காக்க நியமிக்கப்பட்ட காவலர் கய் பிராட்லி 1905-இல் ஃபிளமிங்கோ ஊரருகே சுட்டுக்கொல்லப்பட்டார். இறகு வணிகம் ஓய்ந்து, வேட்டை நிலங்கள் வற்றத் தொடங்கியதும், அதே ஒட்டுத்துணி மயாமிச் சுற்றுலாப் பயணிகளுக்கான விற்பனைப் பொருளாயிற்று. அருங்காட்சியகத்தில் தொங்கும் ஒரு பாவாடையில் கொக்கின் வீழ்ச்சியும் வாய்க்கால்களின் எழுச்சியும் தைக்கப்பட்டிருப்பதைக் காண, துணியை மட்டும் அறிந்தவராலோ பறவையை மட்டும் அறிந்தவராலோ இயலாது.

நீரைப் பகுத்த கரைகள்

நீரை வடித்து விளைநிலமாக்கும் பேராசை 1881-இல் ஹாமில்டன் டிஸ்டன் என்ற தொழிலதிபர் 40 லட்சம் ஏக்கரை ஏக்கருக்கு 25 சென்ட் விலையில் வாங்கியதோடு வேகம்பெற்றது. 1905-இல் ஆளுநரான நெப்போலியன் போனபார்ட் ப்ரோவர்டு வாய்க்கால் வெட்டும் பணியை அரசின் கொள்கையாக்கினார். 1928-இல் டமியாமி நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது தென்திசை நீரோட்டத்துக்குக் குறுக்கே ஒரு மண்ணணை எழுந்ததாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் வீசிய புயலில் ஓக்கிசோபி ஏரிக்கரை உடைந்து 2,500-க்கும் குறையாதோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர். ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937-இல் வெளியிட்ட நாவலின் உச்சக்கட்டம் இந்த வெள்ளமே. பேரழிவுக்குப் பின் ஏரியைச் சுற்றிப் பெருங்கரை எழுந்தது. 1948-இல் தொடங்கிய மைய, தென் ஃபுளோரிடாத் திட்டம் வாய்க்கால், மதகு, நீரேற்று நிலையம், நீர்தேக்கப் பகுதி என முழு ஓட்டத்தையும் பொறியாளர் கைக்குள் கொண்டுவந்தது. பூங்கா பிறந்த மறு ஆண்டிலேயே அதன் நீர்க்குழாய்த் திருகு பிறர் கைக்குப் போய்விட்டது என்று சொல்வது மிகையாகாது.

ஏரிக்குத் தெற்கே கரும்பு விளையும் 7 லட்சம் ஏக்கர் நிலப்பகுதியில் உள்ளது, தாவரங்கள் நீரடியில் மட்கிச் சேர்ந்த ‘பீட்’ என்னும் கருமண்; நீர் வடிந்து காற்றுப்பட்டதும் அது உயிரியல் முறையில் எரிந்து கரைகிறது. பெல் கிளேடு ஊரிலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் 1924-இல் அடிப்பாறை வரை இறக்கிய 9 அடிக் கான்கிரீட் கம்பத்தின் தலை அப்போது தரைமட்டத்தில் இருந்தது. இன்று ஆறடிக்கு மேல் வெளியே நிற்கிறது. கம்பம் உயரவில்லை, நிலம் அமிழ்ந்திருக்கிறது. எச்சிற்பியும் செதுக்காத அக்கம்பம் அப்பகுதியின் மிகச் செறிவான சிற்பம் எனலாம். வயல்களிலிருந்து வடியும் உரத்திலுள்ள பாஸ்பரஸ், ஊட்டம் குறைந்த நீரில் வாழப் பழகிய கோரையை ஒடுக்கி, அதனிடத்தில் சம்பு அடர்ந்து வளர வழிவிடுகிறது. இயல்பான எவர்கிளேட்ஸ் நீரில் பாஸ்பரஸ் நூறு கோடிப் பங்கில் 10 பங்குக்கு மேல் இருப்பதில்லை. அந்த அளவு மீறப்படும் இடங்களைச் சம்புப் புதர்களே காட்டிக்கொடுக்கின்றன. தாவரம் மாறிய கோட்டைப் பார்த்தே பொருளாதாரத்தின் எல்லையை வரைந்துவிடலாம்.

இச்சேதத்தைச் சீராக்க, நீரின் அளவையும் தரத்தையும் காலத்தையும் பரவலையும் பழைய நிலைக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் நோக்கில், 2000-ஆம் ஆண்டு 780 கோடி டாலர் மதிப்பீட்டில் எவர்கிளேட்ஸ் மீட்புப் பெருந்திட்டத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. டமியாமி நெடுஞ்சாலையின் ஒரு மைல் நீளப் பகுதி 2013-இல் பாலமாக உயர்த்தப்பட்டு நீருக்கு வழிவிட்டது.

உறைவு நடைபெறும் முறை

மீட்புத் திட்டம் வகுக்கப்பட்ட மறு ஆண்டான 2001-இல்தான் எவர்கிளேட்ஸின் கலைஞர் உறைவும் தொடங்கியது. பூங்கா நிர்வாகத்தோடு இணைந்து அதை நடத்தும் இலாபநோக்கற்ற அமைப்பின் சுருக்கப் பெயரான ‘எய்ரி’, கழுகின் கூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்து ஒலிக்கிறது. அதற்கேற்ப, ஹோம்ஸ்டெட் நகருக்கு அருகில் பூங்காவின் முதன்மை வாயிலில், அப்பூங்காவுக்காக 1928 முதல் போராடிய எர்னஸ்ட் கோவின் பெயர் தாங்கிய பார்வையாளர் மையத்திலுள்ள சிறு காட்சிக்கூடமும் ‘கூடு’ என்றே அழைக்கப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்படும் ஓவியர், சிற்பி, எழுத்தாளர், இசைஞர் முதலியோர் பூங்காவுக்குள்ளேயே ஒரு குடியிருப்பில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்குகின்றனர். வனக்காவலரோடும் உயிரியலாளரோடும் களத்துக்குச் செல்லவும், பொதுமக்களுக்கு உரையோ பயிற்சியோ நடத்தவும் அவர்களுக்கு வாய்ப்புண்டு.

இங்கே கலைஞர் முதலில் கற்பது ஒரு நடை. கையில் கோலோடு, காலடியில் சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளைத் துழாவிக்கொண்டு, முழங்கால் நீரில் சைப்ரஸ் குவிமாடத்துக்குள் நுழைவதை அங்குள்ளோர் சேற்றுநடை என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். விளிம்பில் குட்டையாகவும் நடுவில் நெடிதாகவும் மரங்கள் வளர்ந்திருப்பதால் வெளியிலிருந்து குன்றுபோல் தெரியும் அது, உள்ளே சென்றால் பள்ளம் என்று புலப்படும்; நடுவில் நீர் ஆழமாக இருப்பதாலேயே மரங்கள் அங்கே ஓங்குகின்றன. கண் மேடென்று காட்டியதைக் கால் பள்ளமென்று திருத்தும் இந்த ஒரு பாடம், பார்வைமுனை மரபில் ஊறிய ஓவியருக்கு ஒரு நூலகத்துக்கு ஈடானது.

பூங்காவுக்குள்ளேயே இயற்கை, போர், வேளாண்மை ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடமும் உண்டு. தீவுபோல் பூங்கா நிலத்தால் சூழப்பட்டிருந்ததால் ‘வடையின் துளை’ என்பதுபோன்ற வேடிக்கைப் பெயர் பெற்ற பழைய விவசாயப் பகுதியில், பாறையை உடைத்து மண்ணாக்கி உழுத நிலம் கைவிடப்பட்டதும் பிரேசிலிய மிளகு என்னும் அயல்மரம் காடாக மண்டியது. மேல்மண் முழுவதையும் பாறைவரை சுரண்டி எடுத்த பிறகே பழைய நீர்த்தாவரங்கள் திரும்பின. அப்பகுதியிலேயே, 1962-இன் கியூப ஏவுகணை நெருக்கடிக்குப் பின் கட்டப்பட்டு 1979 வரை இயங்கிய நைக் ஏவுகணைத் தளம் இன்று பார்வையாளர்களுக்குக் காட்டப்படுகிறது. பனிப்போர்க் கொட்டகையின் நிழலில் கோரை முளைக்கும் அக்காட்சியை வண்ணத்தில் தீட்டுவது எளிது. அதில் எது சிதைவு, எது மீட்பு என்று பிரித்தறிவதே கடினம்.

தங்காதவரின் நூல்

உறைவின் பயனைப் பேசும்போது ஒதுக்கிவிட முடியாத எதிர்ச்சான்று ஒன்றுண்டு. எவர்கிளேட்ஸைச் சதுப்பு என்னும் இழிபெயரிலிருந்து மீட்டு, புல்லாறு என்று உலகம் அறியச் செய்த நூல், மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் 1947-இல், பூங்கா திறக்கப்படுவதற்குச் சற்று முன்பு, வெளியிட்டது. அந்நிலத்துக்குள் தாம் அடிக்கடி சென்றதில்லை என்றும், கொசுவும் ஈரமும் மிகுந்த அவ்விடம் தமக்கு உகந்ததன்று என்றும் பிற்காலத்தில் அவரே ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். அவ்வாறெனில், ஒரு மாதம் தங்கி எழுதப்படும் படைப்பைவிடத் தங்காமல் எழுதப்பட்ட நூல் ஏன் ஆழமாக வேரூன்றியது?

விடை, நூல் உருவான முறையில் இருக்கிறது. அமெரிக்க ஆறுகள் பற்றிய நூல்வரிசைக்கு மயாமி ஆற்றைக் குறித்து எழுதக் கேட்கப்பட்ட டக்ளஸ், அச்சிற்றாறு நூலுக்குப் போதாதென்று கண்டு, நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் அளந்துவந்த நீரியலாளர் ஜெரால்ட் பார்க்கரை அணுகினார். கோரை வளரும் இடத்திலெல்லாம் நீர் நகர்கிறது என்று அவர் விளக்கியதைக் கேட்டு, அதைப் புல்லின் ஆறு எனலாமா என்று டக்ளஸ் வினவ, அவரும் ஏற்றார். அத்தொடரில் கற்பனை டக்ளஸுடையது, உறைவு பார்க்கருடையது. மிக்கசூக்கி, செமினோல் மக்கள் அந்நிலத்தைப் புல்நீர் என்னும் பொருள்பட ‘பா-ஹே-ஓக்கீ’ என அழைத்துவந்ததையும் சேர்த்தால், அந்த உருவகம் தலைமுறைகளின் தங்கலில் முன்பே விளைந்திருந்தது தெரியவரும். டக்ளஸ் வெளியாளாகவே இருந்தார். ஆனால் யாருடைய அறிவின்மேல் தாம் நிற்கிறோம் என்பதை அறிந்த வெளியாள். 1969-இல் எவர்கிளேட்ஸ் நண்பர்கள் அமைப்பை நிறுவி, பிக் சைப்ரஸ் ஓரம் திட்டமிடப்பட்ட மாபெரும் விமான நிலையத்தை எதிர்த்து நின்றபோது அவருக்கு வயது எண்பதை எட்டிக்கொண்டிருந்தது. 108 வயதுவரை வாழ்ந்த அவர் அப்பணியை விடவில்லை. நூலுக்குமுன் பெறாத உறைவை நூலுக்குப்பின் கடப்பாடாக ஏற்றார் என்று இதனைக் கொள்ளலாம்.

விருந்தினரும் குடியினரும்

இந்நோக்கில், பூங்கா உறைவுகளின்மேல் வைக்கப்படத்தக்க மூன்று ஐயங்களை எடைபோட முடிகிறது. முதலாவது காலம் பற்றியது: மழையும் வறட்சியுமாக ஓராண்டில் ஒரு சுற்று சுழலும் நிலத்தில் ஒரு மாதம் தங்குபவர் ஒரு பருவத்தை மட்டுமே காண்கிறார். கொசு குறைந்து பறவைகள் திரளும் வறட்காலத்தில் வருபவர், நிலத்தின் மூச்சு உள்ளிழுக்கும் பாதியை அறியாமலே திரும்பக்கூடும். இரண்டாவது பயன்பாடு பற்றியது: பல பூங்காக்களில் தங்கும் கலைஞர் தம் படைப்பொன்றைப் பூங்காவுக்கு அளிப்பது வழக்கம், அது இயற்கையின் அழகைப் பாராட்டும் விளம்பரமாக முடிந்துவிட்டால், மோரனின் காலத்துச் சட்டகமே புதிய வண்ணத்தில் திரும்பிவரும். மூன்றாவது உரிமை பற்றியது: பூங்கா நிர்வாகம் விருந்தோம்பியாகவும் கலைஞர் விருந்தினராகவும் அமைகையில், அந்நிலத்தின் மூத்த குடியினர் காட்சியின் ஒருபகுதியாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு. ஜூலியன் டிமாக் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செமினோல் முகாம்களில் எடுத்த ஒளிப்படங்கள் இன்று விலைமதிப்பற்ற ஆவணங்கள். ஆயினும் அவற்றில் பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் மற்றொருவர் என்ற ஏற்பாடு மாறவே இல்லை. வேட்டையில் கிடைத்த இறகும் தோலும் கொண்டு துணிவாங்கித் தைத்த பெண்களின் கலை நெடுங்காலம் கைவினை என்ற தட்டிலேயே வைக்கப்பட்டதும் இதே ஏற்பாட்டின் விளைவே.

இவ்வையங்களுக்கு விடையாக உறைவைக் கைவிட வேண்டியதில்லை. அதன் அளவுகோலை மாற்ற வேண்டும். கலைஞர் எத்தனை படைப்புகளோடு வெளியேறினார் என்பதைவிட, அந்நிலத்தில் நீண்டகாலம் உறைந்த எவருடைய அறிவை அவர் எப்படிப் பெற்றார், பெற்றதை எவ்வாறு திருப்பித் தந்தார் என்பதே கேட்கத்தக்கது. மயாமிக் கலைஞர் சேவியர் கொர்ட்டாடா 2006-இல் தொடங்கிய மீட்பு முயற்சி, பூங்காவுக்கு வெளியே நடந்ததாயினும், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அலையாத்தி நாற்றுகள் நீர் நிறைந்த குவளைகளில் கடைச்சாளரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு, பின்பு தன்னார்வலர்களால் கடலோரத்தில் நடப்பட்டன. கட்டடங்கள் எழுந்த இடத்தில் முன்பு நின்ற காட்டை நகரத்துக்கு நினைவூட்டிய அப்படைப்பு, காட்சி முடிந்ததும் வேர்விடத் தொடங்கியது.

அலையாத்தியின் பெயர் இங்கே வருவது தற்செயலன்று. கடல்மட்டம் உயர உயர, உவர்நீர் சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியாக உள்நாட்டுக்கு ஊடுருவுகிறது. 1920-களில் பூங்காவின் கடலோரத்திலுள்ள சேபிள் முனையில் வெட்டிய வாய்க்கால்கள் அகன்று, நன்னீர்ச் சதுப்பைக் கடல் விழுங்கும் வாயில்களாகிவிட்டன. கோரை நின்ற விளிம்பில் அலையாத்தி முன்னேறுகிறது. இந்நிலையில் எவர்கிளேட்ஸில் தங்கும் கலைஞர் நிலையான ஓர் இயற்கைக் காட்சியைப் பதிவுசெய்ய வருபவராக இருக்க முடியாது. இடம்பெயரும் கோடொன்றின் ஒருநாள் நிலையைக் குறித்துவைத்து, முன்பு குறித்தவர்களின் வரிசையில் சேர்பவராகவே இருக்கிறார். நீரியலாளரின் அளவுகோல், பெல் கிளேடின் கம்பம், மிக்கசூக்கிப் பெண்ணின் ஒட்டுத்துணி, மரத்தீவின் அடியில் கிடக்கும் கரித்துண்டு ஆகியவை அவ்வரிசையில் முன்பே இடம்பெற்ற குறிப்புகள். அடுத்துவருபவர் தம் நீர்க்கோட்டை ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வகையில் தம் குறிப்பையும் அவற்றின் அருகே விட்டுச்செல்வதே, ஒரு மாதம் மட்டும் தங்கக் கிடைத்த கலைஞருக்கு இயன்ற உறைவு.